கோரஸ் பாடப் போகும் மகளுக்கு

மகள் நாஷ்வில்லில் படிக்கிறாள், அங்கே ரெக்கார்டிங்கில் கோரஸ் பாடக் கூப்பிடுகிறார்கள், ஏமாற்றிவிடுவார்களோ என்று கேட்டிருந்தீர்கள் அம்மா. பயம் நியாயம்தான். ஆனால் அமெரிக்காவில் இந்த வேலைக்குச் சங்கம் இருக்கிறது. சாக்-ஆஃப்ட்ரா என்று பெயர். யூனிவர்சல், சோனி, வார்னர், டிஸ்னியின் இசை நிறுவனங்களோடு பாடகர்களுக்காகவே ஒப்பந்தம் போட்டிருக்கிறது.

கிளம்பும் முன் அவள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இது யூனியன் செஷனா?" அதாவது, சங்க ஒப்பந்தப்படி நடக்கும் ரெக்கார்டிங்கா? ஆமாம் என்றால் குறைந்தபட்சக் கூலி உறுதி. அதே வரியை மேலே அடுக்கி மறுபடி பாடச் சொன்னால் அதற்கும் கூலி. மருத்துவக் காப்பீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் நிறுவனம் தனியாகக் கட்டும். ஆல்பம் ஓர் அளவுக்கு மேல் விற்றால், ராயல்டி இல்லாத கோரஸ் பாடகருக்கும் கூடுதல் பணம் வரும்.

இதற்கெல்லாம் ஆதாரம் செஷன் அறிக்கை. அதில் பாடலின் பெயர், நேரம், எத்தனை அடுக்கு பாடினாள் என்பதெல்லாம் சரியா என்று பார்த்து, போனில் படம் எடுத்து வைக்கட்டும். முக்கியமாக, பெயர். இன்ஷியல், அப்பா பெயர் என்று நாம் இடத்துக்கு ஒரு விதமாக எழுதுகிறோம். அவள் எங்கும் ஒரே மாதிரி எழுதட்டும். டிஜிட்டல் ரேடியோவில் பாட்டு ஒலிபரப்பானால், அமெரிக்கச் சட்டப்படி அந்த ராயல்டியில் 2.5 சதவீதம் பின்னணியில் பாடியவர்களுக்கு உண்டு. ஆளைக் கண்டுபிடித்தால்தானே கொடுப்பார்கள்?

அப்புறம், ஏஐ. 2024இல் சங்க உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு ஏற்ற ஒப்பந்தத்தில் பாடகர் என்றால் மனிதர் மட்டுமே. குரலின் டிஜிட்டல் நகலை வைத்துப் பாட்டு வெளியிட, சம்மதமும் வாங்க வேண்டும், பணமும் தர வேண்டும். அதே ஆண்டு ஜூலை 1 முதல், நாஷ்வில் இருக்கும் டென்னசி மாநிலத்தில் எல்விஸ் என்ற சட்டமும் குரலுக்குப் பாதுகாப்புத் தருகிறது.

சங்கத்தில் உடனே சேர வேண்டுமா? என் யோசனை, வேண்டாம். டென்னசியில் உறுப்பினராகாமலே யூனியன் செஷனில் பாடலாம், அதே பாதுகாப்பு கிடைக்கும். சேர்ந்துவிட்டால் யூனியன் அல்லாத வேலைக்குப் போகக் கூடாது. மாணவிக்கு முதலில் வருவதோ பெரும்பாலும் அந்தச் சின்ன வேலைகள்தான். பெரிய நிறுவனங்களின் அழைப்பு தொடர்ந்து வரட்டும், அப்போது சேரலாம்.

அதுவரை யூனியன் அல்லாத வேலை எதுவானாலும் கூலி, நேரம், ஆல்பத்தில் பெயர் போடுவது, குரலை ஏஐக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை, நான்கையும் எழுத்தில் வாங்காமல் மைக் முன்னால் நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வாட்ஸ்அப் பேச்சை நம்பிப் போக வேண்டாம். ஒரு பக்கத் தாளில் இரண்டு பேர் கையெழுத்து போதும்.