காஞ்ச கட்டையெல்லாம் பத்திக்காது

கேள்வி: அமெரிக்காவுல அரிசோனா பாலைவனத்துல ஒருத்தர் வில்லு மாதிரி வளைஞ்ச குச்சில கயித்தக் கட்டி, கட்டைய சுத்து சுத்துன்னு சுத்தி தீ மூட்டுற வீடியோ பாத்தேன் சார். நானும் நல்லா காஞ்ச சீமைக்கருவேலக் கட்டைல ரெண்டு நாளா கடையறேன், கட்டை பளபளன்னு ஆகி கீச்சு கீச்சுன்னு கத்துதே தவிர தீ வரல. அந்த ஊர் வெயில்தான் காரணமா? - ஒரு வாசகர், ராமநாதபுரம்

பதில்: வெயில் உதவும்தான், ஆனா உங்களக் கவுத்தது கட்டை. அரிசோனாவுலயும் மெஸ்கிட்னு ஒரு மரம் எங்க பாத்தாலும் இருக்கு, நம்ம சீமைக்கருவேலத்தோட சொந்தக்காரன்தான், அடுப்புக்கு அருமை, கடையறதுக்கு சுத்த வேஸ்ட். ஐயர்ன்வுட்னு இன்னொண்ணு, தண்ணில போட்டா மூழ்கிரும், அவ்ளோ கனம். அதனால வெவரம் தெரிஞ்சவங்க அங்க தேடுறது யுக்கா, சோட்டோல் செடிங்களோட காஞ்ச பூத்தண்டு, இல்ல மழை பெஞ்சா மட்டும் தண்ணி ஓடுற ஓடைக்கரைல இருக்குற காட்டன்வுட் மரத்தோட வேரு. கட்டை விரல் நகத்தால அமுக்கினா பள்ளம் விழணும், விழலையா, தூக்கிப் போட்டுட்டு அடுத்தத எடுங்க.

அடுத்து, சுத்துற குச்சி நிக்கிற அடிப்பலகைல குழி மட்டும் போட்டீங்களா, பக்கத்துல வெட்டு வெட்டுனீங்களா? நிறைய பேர் விடுறது இங்கதான். கேக்குல எட்டுல ஒரு துண்டு எடுத்தா எப்படி இருக்கும், அந்த அளவுக்கு குழியோட நடு வரைக்கும் வெட்டணும், தேஞ்ச தூள் அது வழியாத்தான் கீழ விழுந்து ஒரே இடத்துல குமியும், தீ பிடிக்கிறது கட்டை இல்ல சார், அந்தத் தூள்தான். தூள் வெளிறிப்போய் இருந்தா இன்னும் அழுத்தி வேகமா இழுங்க, கருப்பா பஞ்சு மாதிரி வந்தா சரியான பாதை. நீங்க நிறுத்தினப்புறமும் அந்தக் குவியல் தானா புகைஞ்சா உள்ள கங்கு ரெடி, அவசரப்படாம மெல்ல விசிறி விட்டு, யுக்கா நாரையோ காஞ்ச மரப்பட்டை நாரையோ குருவிக்கூடு மாதிரி பண்ணி அதுல வச்சு ஊதணும்.

குழி பளபளன்னு ஆயிட்டா ஒரு சிட்டிகை மணல் போடுங்க, பிடிப்பு வரும். குச்சியோட தலைய மேல இருந்து அமுக்கிப் பிடிக்கிற கல்லுல மட்டும் வழுக்கணும், வழக்கமா பச்சை இலைய வைப்பாங்க, பாலைவனத்துல அதுக்கு எங்க போறது, மூக்கோரத்து எண்ணெய் பிசுக்கத் தடவுறவங்களும் இருக்காங்க (சிரிக்காதீங்க, வேலை செய்யும்!).

வில்லு வச்சுக் கடையறது புதுசும் இல்ல. எகிப்துல 1922ல கண்டுபிடிச்ச துட்டன்காமுன் ராஜாவோட கல்லறைல இந்த செட்டே இருந்துச்சு, பலகைல 12 குழி, நல்லா உராயட்டும்னு பிசின் வேற தடவி வச்சிருக்காங்க. ராஜாவுக்கே பிசின் தேவைப்பட்டிருக்கு.

ஒண்ணு மட்டும், அங்க உச்சி வெயில்ல இதை ஆரம்பிச்சா உடம்புத் தண்ணி வேர்வையா போயிரும், அந்த வேர்வை சொட்டி தூளும் நனைஞ்சிரும். குளிர் இறங்குற சாயங்காலத்துல கடையறதுதான் புத்திசாலித்தனம். நீங்க முதல்ல கருவேலத்த அடுப்புல வச்சுட்டு, நகம் பதியற கட்டையா தேடுங்க.