டப்பாவில் கிடக்கும் பழைய விதை முளைக்குமா? செப்டம்பர் விதைப்புக்கு முன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து வாசகர்களின் சில கேள்விகள்

சாட்ஸ்வர்த்திலிருந்து: அக்கா, 2019இல் எடுத்த வெண்டை, மிளகாய், சுரை விதை இருக்கு. யாருக்காவது மாத்திக் கொடுக்கலாமா, குப்பையில போடணுமா?

முதலில் சோதித்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 10 விதை எடுங்கள். பேப்பர் டவலை நனைத்துச் சொட்டாத அளவுக்குப் பிழிந்து, அதில் விதைகளைச் சுருட்டிப் பிளாஸ்டிக் பையில் போடுங்கள். பை வாய் லேசாகத் திறந்திருக்கட்டும். சூடு 25 முதல் 30 டிகிரி வேண்டும். ஆகஸ்டில் டர்பன் வீட்டு அறை இரவில் அதற்குப் போதாது. ஃபிரிட்ஜ் மேலே வையுங்கள். சுரைக்கு 10 நாள், வெண்டைக்கு 2 வாரம், மிளகாய்க்கு 3 வாரம் பொறுக்க வேண்டும். மிளகாயை ஒரே வாரத்தில் தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

10க்கு 4 முளைத்தால் குழிக்கு 3 விதை ஊன்றினால் போதும். கொடுக்கும்போது கவரில் எடுத்த ஆண்டோடு 'ஆகஸ்ட் சோதனை, 10க்கு 4' என்றும் எழுதுங்கள். ஆண்டை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. பிப்ரவரிப் புழுக்கத்தில் காகிதக் கவரில் கிடந்த போன வருஷத்து விதை செத்திருக்கலாம். நன்றாகக் காய்ந்து பாட்டிலில் அடைபட்ட ஐந்து வருஷத்து விதை முளைக்கலாம். வெங்காய விதை மட்டும் 2 வருஷம் தாண்டினால் வாங்காதீர்கள்.

டோங்காட்: பழைய காட்ரா பீன்ஸ் பயறை ராத்திரி ஊற வச்சேன். காலையில தோல் உரிஞ்சு, பருப்பு வெடிச்சு, மண்ணுல போட்டதும் அழுகிப் போச்சு.

ஊற வைத்ததுதான் தப்பு. ரொம்பக் காய்ந்த பழைய பயறு தண்ணீரை ஒரே மூச்சில் இழுக்கும். உள்ளே திசு விரிந்துகொடுக்க நேரமில்லாமல் பருப்பு விரிசல் விடும்; சர்க்கரை வெளியே கசியும்; அதைத் தின்னப் பூஞ்சை வரும். குளிர்ந்த தண்ணீர் என்றால் இன்னும் மோசம்.

மூடியுள்ள டப்பாவின் அடியில் ஈரத்துணி போட்டு, அதன்மேல் டீ வடிகட்டியில் விதையை வையுங்கள். விதை துணியில் படக் கூடாது. ஈரக் காற்று மட்டும் பட வேண்டும். 24 மணி நேரம் கழித்து, ஏற்கெனவே ஈரமாக இருக்கும் மண்ணில் 3 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். முளை தலைகாட்டும்வரை மறுபடி தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பீனிக்ஸ்: பாகல், புடலை விதை ஊறியும் கல்லு மாதிரியே இருக்கே?

இவற்றை ஊற வைக்கலாம், ஆனால் அதற்கு முன் ஓட்டைத் திறக்க வேண்டும். முளை வரும் குறுகிய முனையை விட்டுவிட்டு, பக்க விளிம்பில் நகவெட்டியால் ஓடு 'டிக்' என்று விரியும்வரை மட்டும் அழுத்துங்கள். உள்ளே பருப்பு நசுங்கினால் கைவிட வேண்டியதுதான். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் 8 மணி நேரம், அதற்குமேல் வேண்டாம். மிதக்கும் விதையை வீசிவிடாதீர்கள். ஓட்டுக்குள் காற்று இருந்தால் நல்ல விதையும் மிதக்கும்.

மாரிட்ஸ்பர்க்: மாத்தி வாங்கின சுரை விதை, நல்லா காய்ச்சது. ஆனா கசப்பு. சமைச்சா போயிடுமா?

போகாது. அது நஞ்சு, வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். ஒரு சிறு துண்டைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் கொடியையே பிடுங்குங்கள்.

கசப்பு அயல் மகரந்தக் கலப்பால் வந்திருக்கலாம். விதை கொடுத்தவருடைய காய் இனிப்பாகவே இருந்திருக்கும். அயல் மகரந்தம் அந்தக் காயின் ருசியை மாற்றாது. அதன் விதையில் வரும் அடுத்த தலைமுறையில்தான் தெரியும். அக்கம்பக்கத்தில் குடுவைக்காகக் கலபாஷ் வளர்த்தால், அதுவும் சுரை இனமே, கலந்துவிடும். பாகலோ பீர்க்கோ சுரையோடு கலக்காது. சுரைப்பூ சாயங்காலம் விரியும். விரியப்போகும் பெண்பூவையும் ஆண்பூவையும் மதியமே துணிப்பையில் கட்டுங்கள். விரிந்ததும் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தேய்த்து மறுபடி கட்டி, காம்பில் நூல் அடையாளம் போடுங்கள். அந்தக் காயின் விதையை மட்டும் மாற்றுக்கு வையுங்கள்.

சாட்ஸ்வர்த்: அவரை விதையில வண்டு. ஃப்ரீசர்ல வைக்கலாமா? லோட்ஷெடிங் வந்தா?

காய்ந்திருந்தால் வைக்கலாம். சுத்தியால் ஒரு விதையைத் தட்டுங்கள்: தூளாக உடைந்தால் சரி, நசுங்கினால் ஈரம் இருக்கிறது, உறைந்தால் செத்துவிடும். ஈரமானதை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் சம எடை போட்டு ஒரு வாரம் மூடி வையுங்கள். பிறகு இறுக்கமான பாட்டிலில், ஃப்ரீசரில் ஒரு வாரம். சில மணி நேரம் கரண்ட் போவதால் காய்ந்த விதைக்கு ஒன்றும் ஆகாது. வெளியே எடுத்ததும் மூடியைத் திறப்பதுதான் ஆபத்து, விதை வியர்த்துவிடும். ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள்.

வெருலம்: கறிவேப்பிலைப் பழத்து விதையைத் தபால்ல அனுப்பலாமா?

காயவிட்டால் செத்துவிடும். பழம் கறுத்ததும் சதையைக் கழுவி, ஈரத்துணியில் சுற்றி அந்த வாரமே கையில் கொடுங்கள். சென்னையிலிருந்து விதை வரவழைப்பது வேறு விஷயம்: விவசாயத் துறையின் இறக்குமதி அனுமதியை முன்பே வாங்க வேண்டும், அங்கிருந்து தாவர நலச் சான்றும் வேண்டும்.