கிட்டார் குமிழை நாமே செய்யலாமா?

கேள்வி: என் எலெக்ட்ரிக் கிட்டாரின் வால்யூம் குமிழ் உடைந்துவிட்டது. பழைய இழுப்பறையிலிருந்து கழற்றிய பித்தளைக் குமிழ் ஒன்று இருக்கிறது. அதைப் பசை வைத்து ஒட்டலாமா? குமிழுக்கு அடியில் உள்ள ‘பாட்’ என்ற பாகத்தையே மாற்றினால்தான் சரிவரும் என்று கடையில் சொல்கிறார்கள்.

பதில்: பித்தளைக் குமிழ் நல்ல யோசனை. பசை வேண்டவே வேண்டாம். பாட்டை மாற்றவும் சம்மதிக்காதீர்கள்.

குமிழ் உடைந்தால் குமிழைத்தான் மாற்ற வேண்டும். பாட் என்பது உள்ளே இருந்து ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மின்தடை. கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப், ஒற்றைச் சுருளுள்ள சிங்கிள் காயில் வகையானால் பாட் பெரும்பாலும் 250 கிலோ ஓம், இரட்டைச் சுருளுள்ள ஹம்பக்கரானால் 500 கிலோ ஓம் இருக்கும். கையில் கிடைத்த ஏதோ ஒன்றை மாட்டி அனுப்பினால் ஒலி மங்கும், அல்லது காதைக் குத்தும். பிறகு பிக்கப் சரியில்லை என்று அடுத்த செலவுக்கு அழைப்பார்கள். இந்த வரிசையை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

‘எல்லாக் கிட்டாருக்கும் பொருந்தும்’ என்று விற்கும் குமிழ்களையும் நம்பாதீர்கள். குமிழ் மாட்டும் பாட்டின் தண்டு ஒன்றில் 6 மில்லிமீட்டர் இருக்கும், இன்னொன்றில் கால் அங்குலம், அதாவது 6.35. நுனி இரண்டாகப் பிளவுபட்ட தண்டில் சுற்றிலும் பல் 18 இருக்கலாம், 24 இருக்கலாம். இத்தனை ஆண்டுகளாகியும் இதை ஒரே அளவுக்குக் கொண்டுவர யாருக்கும் மனமில்லை. அட்டையில் அளவை அச்சிடக்கூட அலுப்பு! எனவே வெர்னியர் காலிப்பரால் தண்டை நீங்களே அளந்துவிடுங்கள்.

இழுப்பறைக் குமிழின் அடியில் ஏற்கெனவே மரையுள்ள ஓட்டை இருக்கும், பெரும்பாலும் 4 மில்லிமீட்டர். அது நடுமையத்தில் இருப்பதுதான் உங்கள் அதிர்ஷ்டம். குமிழை வைஸில் இறுக்கி, 4.5, 5, 5.5 என்று படிப்படியாகப் பெரிதாக்கிக் கடைசியில் தண்டின் அளவுக்கு வாருங்கள். ஒரேயடியாகப் பெரிய டிரில் பிட்டைப் போட்டால் பித்தளை அதைக் கவ்வி இழுக்கும், ஓட்டை கோணும். ஆழம் தண்டின் உயரத்துக்கு இருந்தால் போதும், மேற்புறம் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடக் கூடாது. பிறகு குமிழின் கழுத்தில் பக்கவாட்டாக 2.5 மில்லிமீட்டர் துளையிட்டு, ‘எம்3 டேப்’ என்ற கருவியால் மரை வெட்டி, தலையில்லாத சிறு திருகாணியைப் போடுங்கள். தண்டு பிளவுபட்டதானால் பிளவுக்குள் ஒரு துண்டுப் பித்தளைத் தகட்டைச் செருகிவிட்டு இறுக்குங்கள். இல்லையென்றால் இரு பாதிகளும் உள்நோக்கி மடங்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நின்று நிதானியுங்கள்: உங்கள் பாட்டின் தண்டு பிளாஸ்டிக்கா? உலோகத் தண்டானால் குமிழ், தண்டு, பாட்டின் உறை எல்லாம் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு எர்த்தோடு சேர்ந்திருக்கும். பிளாஸ்டிக் தண்டில் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். பித்தளைக் குமிழ் எதோடும் சேராமல் தனியே நிற்கும், விரல் படும்போது ஆம்ப்ளிஃபயரில் இரைச்சல் எழலாம். மல்டிமீட்டரைப் பீப் ஒலிக்கும் நிலையில் வையுங்கள். ஒரு முனையைத் தண்டிலும், மறுமுனையை, கேபிள் செருகும் ஜாக்கின் வெளி உலோகத்திலும் தொடுங்கள். ஒலித்தால் பித்தளை சரி. தண்டு உலோகமாக இருந்தும் ஒலிக்கவில்லையென்றால் உறையில் பற்றவைத்த எர்த் கம்பி விட்டுப்போயிருக்கலாம், அதை முதலில் பாருங்கள். பிளாஸ்டிக் தண்டுதான் என்றால் மரக் குமிழுக்குப் போய்விடுங்கள். திருகாணியையும் மென்மையாக இறுக்குங்கள், அந்தத் தண்டு எளிதில் ஒடியும்.

பசையைப் பற்றிக் கேட்டீர்கள். சூப்பர் குளூவால் ஒட்டிய ஒரு கிட்டார் என் மேசைக்கு வந்தது. பசை தண்டு வழியே கீழிறங்கிச் சுழலும் இடத்தில் உறைந்திருந்தது. குமிழ் அசையவில்லை. தண்டையே அறுத்தெடுக்க வேண்டியதாயிற்று. நல்ல பாட் அது, ஒரு துளிப் பசையில் போயிற்று.

மாட்டும்போது ஓங்கி அழுத்தாதீர்கள். பாட்டின் பின்மூடியை மடித்த சிறு காதுகள்தான் பிடித்திருக்கின்றன, அவை விலகிவிடும். குமிழுக்கும் கிட்டார் உடலுக்கும் நடுவே இரண்டு தடித்த அட்டைத் துண்டுகளை வைத்துத் திருகாணியை இறுக்கிவிட்டு, அட்டைகளை உருவி எடுங்கள். அந்த இடைவெளி இருந்தால் பித்தளை வார்னிஷைச் சுரண்டாது.