கெக் அடுக்கும் கூழ் டிரம் அடுக்கும்: லோடு ஏற்றுவோர் கேட்ட கேள்விகள்

மாங்கூழ் சீசன் தொடங்கியதும் உருளை வடிவச் சரக்கை அடுக்குவது பற்றிய கேள்விகளே அதிகம் வருகின்றன. காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கமிருந்து கூழ் டிரம் பற்றி, ஓசூர் பக்கமிருந்து பீர் கெக் (பீர் நிரப்பும் எஃகுப் பீப்பாய்) பற்றி. சரக்கு வேறாக இருந்தாலும் சிக்கல் ஒன்றுதான். வட்டமான, கனமான, வழுக்குகிற இரும்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, கணவாய்ச் சாலையில் இறக்க வேண்டியிருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

பெங்களூருவில் 50 லிட்டர் பீர் கெக் ஏற்றி இறக்கும் ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. இரண்டு அடுக்கு வைப்பதா, மூன்றா? கெக் ஒவ்வொன்றும் 60 கிலோவுக்கு மேல் இருப்பதால் கட்டாமலே நிற்கும் என்கிறார் எங்கள் லோடுமேன். – லாரி உரிமையாளர், ஓசூர்

நிற்காது. கனம் கூடினால் சரக்கு அசையாது என்ற நம்பிக்கையை முதலில் விட்டுவிடுங்கள். கனம் கூடும்போது அதைத் தள்ளுகிற விசையும் அதே அளவுக்குக் கூடுகிறது. நிற்பதா விழுவதா என்பதைத் தீர்மானிப்பது அடிப்பகுதியின் அகலத்துக்கும் மொத்த உயரத்துக்கும் உள்ள விகிதம்தான்.

வழக்கமான 50 லிட்டர் கெக்கின் விட்டம் ஏறத்தாழ 41 செ.மீ., உயரம் 53 செ.மீ. தனியாக நிற்கும் ஒரு கெக்கைச் சாய்க்க, அதன் எடையில் 77 சதவீத அளவு விசை பக்கவாட்டில் தள்ள வேண்டும். அதன்மேல் இன்னொன்றை வைத்தால் 38 சதவீதமே போதும். மூன்று வைத்தால் வெறும் 26 சதவீதம். சரக்கைக் கட்டுவதற்கான ஐரோப்பியத் தரவிதி இ.என். 12195-1, வளைவில் எடையில் 50 சதவீதமும் பிரேக் பிடிக்கும்போது முன்பக்கமாக 80 சதவீதமும் விசை வரும் என்று கணக்கிடச் சொல்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒற்றை அடுக்கு வளைவில் தாக்குப்பிடிக்கும். கட்டாத இரட்டை அடுக்கு தாக்குப்பிடிக்காது. அவசர பிரேக் பிடித்தால் ஒற்றைக் கெக்கே முன்னால் கவிழலாம்.

ஆகவே, நிரம்பிய கெக் என்றால் திறந்த பாடி லாரியில் இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம். பேலட்டில் (சரக்கை வைத்துத் தூக்கும் தட்டு மேடை), கெக்கின் விளிம்பு பதிகிற குழி கொண்ட பிளாஸ்டிக் அடுக்குத் தட்டு போட்டு, பேலட்டோடு சேர்த்துக் கட்டி, மூடிய வண்டியில் அனுப்பும்போது மட்டும்தான் மூன்றாவது அடுக்கைப் பற்றி யோசிக்கலாம்.

கெக்கின் அடி விளிம்பு கீழே உள்ள கெக்கின் மேல் விளிம்புக்குள் உட்கார்ந்தால்தான் அடுக்கு வழுக்காமல் இருக்கும். ஒரே அளவு, ஒரே தயாரிப்பு என்றால் பெரும்பாலும் உட்காரும். 30 லிட்டரையும் 50 லிட்டரையும் கலந்து அடுக்கினாலோ, விளிம்பு நசுங்கிய கெக்கைக் கீழ் அடுக்கில் வைத்தாலோ உட்காராது. அப்போது எஃகின்மேல் எஃகு நிற்கும். ஈரம் பட்டால் சோப்பு தடவியதுபோல் நழுவும். குளிர்பதன அறையிலிருந்து எடுத்த கெக் வெளிக்காற்றில் வேர்க்கும் என்பதையும் மறக்காதீர்கள். துடைத்துவிட்டு ஏற்றுங்கள்.

எங்கள் லாரி பாடியின் உள் அகலம் ஏழரை அடி. ஒரு வரிசைக்கு ஐந்து கெக் வைத்தால் ஓரத்தில் இடம் மிஞ்சுகிறது. அதில் பழைய சாக்கைத் திணிக்கிறோம். சரியா? – ஓட்டுநர், சூளகிரி

சாக்கு அமுங்கிவிடும். அமுங்கியதும் இடைவெளி மறுபடி திறந்துகொள்ளும். மிஞ்சும் இடத்தை அடுக்கும் முறையாலேயே தீர்க்கலாம், உங்கள் பாடிக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஏழரை அடி என்பது ஏறத்தாழ 228 செ.மீ. ஐந்து கெக் 205 செ.மீ. பிடிக்கும். முதல் வரிசையை இடது பக்கப் பலகையை ஒட்டி வையுங்கள். இரண்டாவது வரிசையை வலது பக்கப் பலகையை ஒட்டி, ஒவ்வொரு கெக்கும் முன்வரிசையின் இரண்டு கெக்குகளுக்கு நடுவில் புதையும்படி வையுங்கள். மூன்றாவது மறுபடி இடது. இப்படி மாறி மாறி வைத்தால் அகலத்தில் நான்கு விரற்கடைக்குள்தான் இடம் மிஞ்சும். அதற்கு ஒரு மரச்சட்டம் போதும். வரிசைகள் ஒன்றுக்குள் ஒன்று புதைவதால் நீளத்திலும் இடம் சேமிப்பாகிறது. 17 அடி பாடியில் நேர்வரிசையாக வைத்தால் 12 வரிசை, 60 கெக். புதைத்து வைத்தால் 14 வரிசை, 70 கெக். இடம் இருக்கிறது என்பதற்காக எடையை மறந்துவிடாதீர்கள். 70 கெக் என்பது ஒரு அடுக்குக்கே 4.4 டன். இரண்டு அடுக்கு 8.8 டன். ஆர்.சி. புத்தகத்தில் உங்கள் வண்டிக்கு எவ்வளவு பதிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

மேல் அடுக்கைக் கீழ் அடுக்கின் நேர்மேலேயே வையுங்கள். நெல் மூட்டையை மாற்றி மாற்றி அடுக்குவதுபோல, இரண்டு கெக்குகளுக்கு நடுவில் மேல் கெக்கை ஏற்றுகிறவர்கள் உண்டு. வட்ட விளிம்பு இரண்டு வேறு விளிம்புகளின்மேல் குறுக்காக நின்றால், முழு எடையும் சில புள்ளிகளில் மட்டும் இறங்கும். வண்டி குலுங்கக் குலுங்க விளிம்பு நெளியும்.

ஐயா, தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடித்தபோது மேல் அடுக்கு முன்னால் நகர்ந்து கேபின் பலகையில் இடித்துவிட்டது. பத்து பெல்ட் கட்டியிருந்தேன். ஒவ்வொன்றும் 5 டன் பெல்ட். பிறகும் ஏன் நகர்ந்தது? – ஓட்டுநர், தர்மபுரி

நீங்கள் அலட்சியமாக இருக்கவில்லை. ஆனால் பெல்ட்டில் அச்சிட்டிருக்கும் 5 டன் என்பது, அது அறுந்துபோகாமல் தாங்கக்கூடிய இழுவை. சரக்கை அது அழுத்திப் பிடிக்கும் விசை அல்ல. பெல்ட்டை முறுக்கி இறுக்கும் சாதாரண ராட்செட்டைக் கையால் இறுக்கும்போது பெல்ட்டில் ஏறுவது 300 கிலோ அளவுக்குத்தான். சரக்கின் மேலே போட்டு இருபக்கமும் இறுக்கினால் மிக நல்ல நிலையில் 600 கிலோ கீழ்நோக்கி அழுத்தும். பெல்ட் செங்குத்தாக இறங்காமல் 30 டிகிரியில் படுத்திருந்தால் அதிலும் பாதிதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 8.8 டன் சரக்குக்கு அவசர பிரேக்கில் முன்னோக்கி வரும் விசை 7 டன். மரத்தளத்தின் உராய்வு அதில் ஏறத்தாழ 2.6 டன்னைப் பிடித்துக்கொள்ளும். பத்து பெல்ட்டும் சேர்ந்து உராய்வில் கூட்டுவது 1.8 டன். மீதி 2.6 டன்னை யார் பிடிப்பது? முன்பலகைதான். சரக்குக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு சாண் இடம் விட்டிருந்தால் அந்த ஒரு சாண் தூரம் சரக்கு ஓடிவந்து இடிக்கும். உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

தளத்தின்மேலும் அடுக்குகளுக்கு நடுவிலும் வழுக்காத ரப்பர் விரிப்பு போட்டால், உராய்வு மட்டுமே 5 டன்னுக்கு மேல் பிடிக்கும். பெல்ட்டுக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை ரப்பருக்குச் செலவழியுங்கள் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் வற்புறுத்திச் சொல்கிறேன். முதல் வரிசையை முன்பலகையோடு ஒட்டி வையுங்கள். முன் அச்சில் எடை கூடிவிடும் என்பதால் சரக்கைப் பின்னால் தள்ளி வைக்க நேர்ந்தால், நடுவில் உள்ள இடத்தை மரச்சட்டக் கூட்டாலோ காலிப் பேலட்டாலோ இறுக அடைத்துவிடுங்கள். மேல் அடுக்கின் உயரம்வரை அந்த அடைப்பு வர வேண்டும். ஒவ்வொரு அடுக்கையும் இடுப்பில் சுற்றித் தனியாக ஒரு பெல்ட் கட்டுங்கள். அதன் பிறகு மேலே குறுக்காகக் கட்டுங்கள்.

இறக்கத்தைப் பற்றி நீங்களே எனக்குச் சொல்லித்தர முடியும். ஆனாலும் எழுதாமல் விட மனம் வரவில்லை. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்காதீர்கள். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அந்த கியர். நியூட்ரலில் இறங்கினால் முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழுகிறது. பிரேக் சூடேறிப் பிடிப்பு குறைகிறது. கடைசியில் ஓங்கி மிதிக்க வேண்டிவருகிறது. நன்றாகக் கட்டிய சரக்கும் அந்த மிதியில்தான் கட்டு தளர்கிறது. ஓசூரிலிருந்து சேலம் போகிறவர்கள் தர்மபுரி பைபாஸில் நிறுத்தி எல்லா ராட்செட்டையும் ஒருமுறை இறுக்கிவிட்டு இறங்குங்கள். மேலுமலை கணவாய்க்கும் இதே வழக்கம்தான்.

பெல்ட்டுக்குப் பதில் கயிறு கட்டலாமா? – போச்சம்பள்ளி வாசகர்

கெக்குக்கும் டிரம்முக்கும் வேண்டாம். கயிறு நீளும், மழையில் நனைந்து காய்ந்தால் தளரும். தார்ப்பாயைக் கட்டக் கயிறு போதும்.

20 அடி கன்டெய்னரில் 80 மாங்கூழ் டிரம் ஏற்றுகிறோம். சென்னைத் துறைமுகத்தில் திறந்தபோது கீழ் அடுக்கில் சில டிரம்கள் கசிந்திருந்தன. ஆலையில் கசிவு இல்லை. எங்கே தவறு? – கூழ் ஆலை ஊழியர், காவேரிப்பட்டணம்

பெங்களூரா ரக மாங்கூழ் என்றால் டிரம்முக்கு 215 கிலோ, டிரம்மின் எடையும் சேர்ந்தால் 235 கிலோவை நெருங்கும். அடுக்குக்கு 40, இரண்டு அடுக்கு. கீழ் டிரம் ஒவ்வொன்றும் தன் தலையில் இன்னொரு முழு டிரம்மைச் சுமக்கிறது. கூழ் இருப்பது உள்ளே உள்ள கிருமி நீக்கிய பையில். டிரம் அந்தப் பைக்குக் கவசம் மட்டும்தான். கவசம் நசுங்கினால் பை மடிந்து உரசும். உரசிய இடத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் அந்த டிரம் போயிற்று. காற்றுப் புகுந்த கூழ் புளித்து உப்பும்.

மூன்று இடங்களைச் சோதியுங்கள். முதலாவது, இரண்டு அடுக்குக்கும் நடுவில் என்ன போடுகிறீர்கள்? அட்டை போட்டிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். ஒட்டுப்பலகை போட வேண்டும். அது வளையாத தடிமனில் இருக்க வேண்டும், பலகைகளின் இணைப்பு டிரம்மின் நடுவில் விழக் கூடாது. மேல் அடுக்கின் எடை கீழ் டிரம்மின் விளிம்பில் இறங்க வேண்டுமே தவிர மூடியின் நடுவில் இறங்கக் கூடாது.

இரண்டாவது, மூடியை இறுக்கும் வளையத்தின் போல்ட். நாலு டிரம் அகலத்துக்கு நிற்கும்போது கன்டெய்னரில் இடமே இருக்காது. ஒரு டிரம்மின் போல்ட் பக்கத்து டிரம்மின் வயிற்றைப் பார்த்து நின்றால் சென்னை போய்ச் சேர்வதற்குள் அது குத்திக் குத்திப் பள்ளம் பறித்துவிடும். நான்கு டிரம் சந்திக்கும் இடத்தில் ஒரு வெற்றிடம் இருக்கிறதல்லவா, போல்ட் அந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். ஏற்றும்போதே திருப்பி வைக்க ஒருவரை நிறுத்துங்கள். இதற்குச் செலவே இல்லை. ஆனால் அவசரத்தில் முதலில் விட்டுப்போவது இதுதான்.

மூன்றாவது, கதவுப் பக்கம். கடைசி வரிசைக்கும் கதவுக்கும் நடுவில் உள்ள இடத்தை மரச்சட்டத்தால் அடைத்து, மேல் அடுக்கைக் குறுக்கே பெல்ட் போட்டுக் கட்டுங்கள். இது டிரம்முக்காக மட்டும் சொல்வதல்ல. துறைமுகத்தில் கதவைத் திறக்கிறவரின் தலைக்கு மேலே 235 கிலோ சாய்ந்து நிற்கலாம்.

பூட்டிய கன்டெய்னரை முதல் நிறுத்தத்தில் சோதிக்க வழியில்லை என்பதால் ஆலையிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். திறந்த லாரி என்றால் பர்கூர் தாண்டுவதற்குள் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். கட்டு தளர்வது பெரும்பாலும் புறப்பட்ட சிறிது தூரத்துக்குள்தான்.

கூடுதலாக இரண்டு டன் ஏற்றினால் வாடகை கட்டுப்படியாகும் என்கிறார்கள். – பர்கூர்

கட்டுப்படியாகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆவது பிரிவின்படி அதிகப் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், மிகையாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். மிகைச் சரக்கை இறக்கும் செலவும் உங்களுடையதே.

பால் கேனை இரண்டு அடுக்கு வைக்கலாமா? – பாலக்கோடு

மூடி இறுக்கமாக இருந்து, நடுவில் பலகை போட்டால் வைக்கலாம். அலுமினியக் கேனின் கழுத்து மெலிந்தது. பலகை இல்லாமல் கேனின்மேல் கேன் வேண்டாம்.

கெக் ஒன்றை ஒருவராகவே தூக்கி மேல் அடுக்கில் வைக்கச் சொல்கிறார்கள். முடியாது என்றால் ஆளை மாற்றிவிடுவேன் என்கிறார் முதலாளி. – சுமை தூக்கும் தொழிலாளர், ஓசூர்

நீங்கள் கேட்பது நியாயம். இதை உங்கள் முதலாளியிடம் காட்டுங்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் வெளியிட்ட 128ஆவது பரிந்துரை, வளர்ந்த ஆண் தொழிலாளி கையால் தூக்கிச் சுமக்கும் எடைக்கு 55 கிலோவை எல்லையாக வைக்கிறது. நிரம்பிய 50 லிட்டர் கெக் 63 கிலோ. தரையில் நகர்த்துவதற்கு ஒருவர் போதும், கெக்கைச் சற்றே சாய்த்து அடி விளிம்பில் உருட்டிக்கொண்டு போகலாம். மேல் அடுக்கில் ஏற்ற இருவர் வேண்டும், அல்லது ஃபோர்க்லிஃப்ட் வேண்டும். இறக்கும்போது லாரியிலிருந்து டயர்மேல் போடுகிற பழக்கத்தை விடுங்கள். கெக் எம்பி எந்தத் திசையில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. குதிக்காத தடித்த மெத்தை வாங்கித் தரச் சொல்லுங்கள், கெக் இறங்கும் பக்கம் ஆள் நிற்கக் கூடாது. பாதுகாப்புக் காலணி முதலாளியின் செலவு, உங்கள் செலவல்ல.

கெக்கோடு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரையும் மூடிய வேனில் கொண்டுபோகிறோம். வெயிலில் பயமாக இருக்கிறது. – உணவக மேலாளர், ஓசூர்

பயம் சரியானதே. 4 டிகிரியில் இருந்த பீர் 30 டிகிரிக்கு வந்தால் கெக்குக்குள் அழுத்தம் மூன்று மடங்கு வரை ஏறும். நல்ல நிலையில் உள்ள கெக் அதைத் தாங்கும். பழசான வால்வு கசியும். சிலிண்டரிலிருந்தோ கெக்கிலிருந்தோ வெளியேறும் வாயுவுக்கு மணமில்லை. காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கும். மூடிய வேனிலும் குளிர் அறையிலும் அது ஆளை மயங்க வைக்கும், உயிரையும் எடுக்கும். கதவைத் திறந்து காற்றோட விட்டுவிட்டு உள்ளே போங்கள். ஓட்டுநர் இருக்கைக்கும் சரக்குக்கும் நடுவில் அடைப்பில்லாத வேனில் இதைக் கொண்டுபோக வேண்டாம். சிலிண்டர் நின்ற வாக்கில், வால்வு மூடியோடு, சுவரோடு சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும்.

பழைய கெக் சில என் கடைக்கு வந்திருக்கின்றன. மேல் குழாயைக் கழற்றி, வெட்டி, வெந்நீர் அடுப்பு செய்யலாமா? – பழைய இரும்புக் கடைக்காரர், கிருஷ்ணகிரி

தயவுசெய்து தொடாதீர்கள். காலி கெக் என்று நாம் சொல்வது பீர் காலியானதைத்தான். வாயு உள்ளேயே இருக்கும். மேலே உள்ள வால்வோடு சேர்ந்து ஒரு நீளமான எஃகுக் குழாய் அடிவரை போகிறது. அழுத்தம் இருக்கும்போது அதன் பிடிப்பைக் கழற்றினால் அந்தக் குழாய் ஈட்டிபோல் பாய்ந்து வெளியே வரும். குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவரின் முகமும் கழுத்தும்தான் அதற்கு நேரே இருக்கும். வெளிநாடுகளில் இப்படி இறந்தவர்கள் இருக்கிறார்கள். வெல்டிங் தீயைக் காட்டினாலும் கிரைண்டரை வைத்தாலும் ஆபத்து அதேதான்.

கெக் பெரும்பாலும் பீர் ஆலைக்கே சொந்தம். நிரப்பித் தருவார்கள், காலியானதும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். உடம்பில் ஆலையின் பெயர் பொறித்திருக்கும். உங்களிடம் விற்றவருக்கு அதை விற்கும் உரிமை இருந்ததா என்பதே சந்தேகம். நிழலில், நின்ற வாக்கில் வைத்துவிட்டு, பொறித்திருக்கும் ஆலைக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் வந்து எடுக்கும்வரை கடைப் பையன்கள் யாரும் அதில் ஸ்பேனர் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.