மகளின் டிசைன் தொழில்: ஓர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா,

மகளுக்குத் தசைச்சிதைவு, சக்கர நாற்காலியில் இருக்கிறாள், மதியத்துக்கு மேல் கை ஓய்ந்துபோகிறது, இந்த வருடம் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பை முடிக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். படித்து முடித்ததும், மாற்றுத்திறனாளிகள் தடையில்லாமல் பயன்படுத்தும்படி இணையதளங்களை வடிவமைத்துக் கொடுக்கும் தொழில் தொடங்க வேண்டும் என்பது அவள் ஆசை. பேசாமல் குரூப் 4 எழுது என்பது அவள் அப்பாவின் பிடிவாதம். நடுவில் நீங்கள்.

அப்பாவின் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். அது நியாயமான பயம். அரசுப் பணியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத இடஒதுக்கீடு இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும் என்று அவர் கேட்பதில் தவறில்லை. ஆனால் டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் அவர்களுக்கு வயது வரம்பிலும் 10 ஆண்டு தளர்வு உண்டு. இரண்டு மூன்று வருடம் இந்தத் தொழிலைப் பார்த்துவிட்டு வந்தாலும் அந்த வாய்ப்பு அங்கேயேதான் இருக்கும். இதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள், வீட்டில் பாதிச் சண்டை குறைந்துவிடும்.

சரி, இதில் வேலை கிடைக்குமா? ஐந்து வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் தயங்கியிருப்பேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டாலும், இணையதளம், செயலி விஷயத்தில் யாரும் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. இப்போது காற்று மாறியிருக்கிறது. அணுகல் வசதி விதிகளை வெறும் பரிந்துரைகளாக விட்டுவைக்க முடியாது, கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொன்னது. வங்கிக் கணக்குக்காகக் கேமரா முன் கண் சிமிட்டச் சொல்கிறார்களே, அமில வீச்சில் இமையை இழந்தவர் என்ன செய்வார்? இந்தக் கேள்வியோடு உச்ச நீதிமன்றம் போன வழக்கில் 2025 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவதை வாழ்வுரிமையோடு சேர்த்துவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, தன் கட்டுப்பாட்டில் உள்ள பங்குத் தரகர்கள், மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்கள் எல்லாம் தங்கள் தளங்களை இதற்காகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் இணையக் கடைகள், வங்கிகள், மின்னூல்கள் மீது இதுபோன்ற சட்டம் அமலில் இருக்கிறது. அங்கே பொருள் விற்கும் நம் ஊர் நிறுவனங்களும் அதற்குள் வரும். திருப்பூர்க்காரர் ஒருவர் ஜெர்மனி வாடிக்கையாளருக்கு நேரடியாக இணையத்தில் டி-ஷர்ட் விற்றால் அவர் தளமும் இதில் அடங்கலாம். மிகச் சிறிய சேவை நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு.

ஆக, வேலை உண்டு. அதைச் செய்யும் திறமை உங்கள் மகளுக்கு இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. இங்கே கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன், அவளிடமும் காட்டுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பது அவளுக்கு அக்கறையைக் கொடுக்கும், தொழிலறிவைக் கொடுக்காது. பார்வையில்லாதவர் ஒரு தளத்தை எப்படிக் கேட்டு நகர்கிறார் என்பது அவளுக்குத் தானாகத் தெரிந்துவிடாது. காது கேளாதவருக்கு எது சிரமம் என்பதும் அப்படித்தான். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ரான் மேஸுக்கு ஒன்பது வயதில் போலியோ. கல்லூரியில் அவரைப் படிக்கட்டுகளில் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். 1966-ல் பட்டம் பெற்ற அவர், அந்த அனுபவத்தை மட்டும் சொல்லி வாடிக்கையாளர் தேடவில்லை. தன் மாநிலத்தின் கட்டட விதிகளில் அணுகல் வசதிக்கான பகுதி உருவாக உழைத்தார், ஆலோசனை நிறுவனம் நடத்தினார். ‘யுனிவர்சல் டிசைன்’ என்று இன்று உலகம் முழுக்கச் சொல்வது அவர் வைத்த பெயர். விதியையும் அளவையும் விரல்நுனியில் வைத்திருந்தார், அதனால் கட்டடம் கட்டுபவர்கள் அவர் பேச்சைக் கேட்டார்கள்.

உங்கள் மகளுக்கு அந்த விதிப்புத்தகம் டபிள்யூசிஏஜி, அதாவது இணையதளங்களின் அணுகல் வசதிக்கான சர்வதேச வழிகாட்டி. 2.2 பதிப்பு 2023-ல் வந்தது, இணையத்தில் இலவசம். அதை மனப்பாடம் செய்ய வேண்டாம், கையில் எடுத்துச் சோதித்துப் பழகட்டும். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். வெளிர் சாம்பல் எழுத்தை அழகு என்று நினைக்கும் டிசைனர்கள் இந்த முதல் படியிலேயே விழுவார்கள். அப்புறம் மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, டேப் விசையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ரயில் டிக்கெட்டோ புடவையோ வாங்கப் பார்க்கட்டும். எங்கே மாட்டிக்கொள்கிறாளோ அங்கே குறிப்பு எடுக்கட்டும். கை ஓய்ந்த நாளில் அவளே படும் பாடுதான் இது, அந்த இடத்தில் அவள் கண் மற்றவர்களைவிடக் கூர்மையாக இருக்கும். திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். ஆஸ்திரேலியாவில் பார்வையில்லாத இரண்டு இளைஞர்கள் தொடங்கியது. அதைக் கணினியில் போட்டு, திரையை அணைத்துவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

தமிழில் ஒரு பெரிய வேலை யாரும் தொடாமல் கிடக்கிறது. நம் அலுவலகங்களிலும் பதிப்பகங்களிலும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் குவிந்திருக்கின்றன. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், திரைவாசிப்பான் அதை அர்த்தமில்லாத எழுத்துக்குப்பையாக வாசிக்கும். ஸ்கேன் செய்து ஏற்றிய பிடிஎஃப் என்றால் அதுகூட இல்லை, மௌனம்தான். இன்றைய பொது எழுத்துமுறையான யூனிகோடில் இருக்கும் பக்கத்திலும் ‘இது தமிழ்’ என்ற மொழிக்குறி இல்லாவிட்டால் தமிழ்க்குரல் தானாக மாறாது. பெங்களூர்க்காரர்களோடு போட்டி போடுவதைவிட இந்தப் பக்கம் போவது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. கல்லூரிகள், அறக்கட்டளைகள், சின்னப் பதிப்பகங்கள், கூட்டுறவு வங்கிகள் என்று பட்டியல் நீளும்.

பார்வையில்லாத தோழி ஒருத்தி கூடச் சேர்வதாக எழுதியிருக்கிறீர்கள். ரொம்ப நல்லது. ஆனால் அவள் சோதித்துச் சொல்வது உதவி அல்ல, வேலை. ஒவ்வொரு திட்டத்திலும் அவளுக்கு இவ்வளவு என்று எழுதி வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். நட்பில் ஓடும் தொழில் பெரும்பாலும் பணத்தில்தான் முட்டிக்கொள்கிறது.

இன்னொன்று. ஒரு வரி கோடு சேர்த்தால் தளம் முழுதும் தானாகச் சரியாகிவிடும் என்று விட்ஜெட் விற்பவர்கள் இருக்கிறார்கள். ‘அதை வாங்கிப் போட்டுக் கொடு, போதும்’ என்று வாடிக்கையாளரே கேட்பார். போடக் கூடாது. இப்படி மிகைப்படுத்தி விளம்பரம் செய்த ஒரு நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025-ல் உத்தரவிட்டது.

உடம்பைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட்டிருந்தீர்கள். இந்தத் தொழிலை அவள் உடம்புக்கு ஏற்றபடி நடத்த முடியும், முதல் நாளிலிருந்தே அப்படி அமைத்தால். முழுத் தளமும் வடிவமைத்துத் தருகிறேன் என்று இறங்கினால் கடைசி வாரத்தில் ராத்திரி பகலாக உட்கார வேண்டியிருக்கும், அது அவளுக்கு ஆகாது. தணிக்கை அறிக்கை அப்படி இல்லை. இத்தனை பக்கம், இத்தனை பிழை, திருத்தும் வழி இது, இந்தத் தேதிக்குள் என்று அளவோடு ஒப்புக்கொள்ளலாம். அவள் பத்து நாளில் முடிப்பேன் என்று நினைத்தால் வாடிக்கையாளரிடம் பதினைந்து என்று சொல்லட்டும். விலையும் அந்தப் பதினைந்துக்கு. பாதி முன்பணம் வராமல் தொடங்கக் கூடாது. காலை நேரம் சோதனைக்கு, மதியத்துக்கு மேல் குரல் தட்டச்சில் அறிக்கை. அவசர வேலைக்கு இரட்டிப்புப் பணம் என்று யாராவது ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லப் பழக வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.

கடன் இப்போது தேவையில்லை. நல்ல லேப்டாப், ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன், இணைய இணைப்பு, அவ்வளவுதான் முதலீடு. சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், அவள் பெயரில் செய்துவிடுங்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பற்றி யோசிக்க வேண்டாம். பிறகு ஆள் எடுக்கும் நிலை வந்தால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய், பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் பற்றிக் கேளுங்கள். அதில் மாற்றுத்திறனாளிகள் சிறப்புப் பிரிவு, சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டை கையில் இருக்கட்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய் என்ற வரம்பைக் கவனியுங்கள். அவள் சம்பாதிக்கத் தொடங்கினால் அது மாறும், அதற்குள் தனிக் காப்பீடு பார்த்து வைப்பது நல்லது.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் போன் செய்தால் நீங்கள் எடுத்துப் பேசாதீர்கள். பேச்சும் பேரமும் அவளுடையதாக இருக்கட்டும், வங்கிக் கணக்கும்தான்.

நேராகத் தொழிலில் இறங்குவதைவிட, முதல் வருடம் ஒரு நிறுவனத்தில் வேலை பார்ப்பதையே நான் விரும்புவேன். சென்னை ஐடி நிறுவனங்கள் சிலவற்றில் ஆக்சஸிபிலிட்டி, அதாவது அணுகல் வசதிச் சோதனைக்கென்றே குழுக்கள் உள்ளன. வீட்டிலிருந்தே பார்க்கும் வேலையும் கிடைக்கிறது. மாதச் சம்பளம் வந்தால் அப்பாவும் கொஞ்சம் இறங்கி வருவார். அந்த வருடத்துக்குள், அணுகல் வசதி வல்லுநர்களின் சர்வதேசச் சங்கமான ஐஏஏபி நடத்தும் சான்றிதழ் தேர்வுக்குப் படிக்கட்டும். செபி தணிக்கைக்குக் கேட்பது அந்தச் சான்றிதழ்தான். விண்ணப்பத்தோடு அனுப்ப, அவள் கல்லூரியின் இணையதளத்தையே எடுத்து ஒரு மாதிரித் தணிக்கை அறிக்கை தயாரிக்கச் சொல்லுங்கள். ஐந்து பக்கம் போதும்.