ஙூ வரைந்தவருக்குப் பாக்கி

ஐயா, வணக்கம்.

வியாசர்பாடியில் சிறிய டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிளக்ஸ் டிசைனும் செய்து கொடுப்பேன். வயது 31. என் பெயரைப் போட வேண்டாம். காரணம் கடிதத்திலேயே இருக்கிறது.

உங்கள் நாவலின் பிடிஎஃப் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவதைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். உழைப்பைத் திருடுகிறவன் சோற்றைத் திருடுகிறான் என்று கோபமாக முடித்திருந்தீர்கள். அதே வாரம் ஒருவர் என் கடைக்கு வந்து, அந்த பிடிஎஃப்பை அச்செடுத்து, ஸ்பைரல் போட்டு வாங்கிக்கொண்டு போனார். செய்து கொடுத்தது நான்தான். மன்னிக்கவும்.

ஆனால் கேட்க வந்தது வேறு. என் கடையில் இருக்கும் போட்டோஷாப், கோரல் டிரா, தமிழ் எழுத்துருக்கள் எதற்கும் நான் பணம் கொடுத்ததில்லை. பெரம்பூரில் நான் படித்த கம்ப்யூட்டர் சென்டரிலும் அப்படித்தான். அப்பா துறைமுகத்தில் கூலி. காசு கொடுத்துத்தான் மென்பொருளைத் தொட வேண்டும் என்றிருந்தால் நானும் மூட்டைதான் தூக்கிக்கொண்டிருப்பேன். சென்ற வாரம் ஐடி கம்பெனியில் வேலை செய்யும் ஒருவர் இரவு 11 மணிக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கேட்டு வந்தார். திரையைப் பார்த்துவிட்டு, “எல்லாம் திருட்டு சாஃப்ட்வேரா?” என்று சிரித்தார். துக்க வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது? பேசாமல் வேலையை முடித்துக் கொடுத்தேன். நான் திருடனா, ஐயா? அவ்வளவு பெரிய கம்பெனிக்கு என்னால் என்ன நஷ்டம்? உங்கள் புத்தகத்தை எந்த சாஃப்ட்வேரில் வடிவமைத்தார்கள் என்று நீங்கள் எப்போதாவது கேட்டதுண்டா?

ஒரு வாசகர், வியாசர்பாடி

*

அன்புள்ள தம்பிக்கு,

(உங்களைவிட இருபத்தைந்து வயது மூத்தவன், அந்த உரிமையில்.)

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், குத்தியது அதுதான். நான் கேட்டதில்லை. கேட்கவே தேவையிருக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் முதல் புத்தகம் தங்கசாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இயங்கிய டிடிபி சென்டரில் உருவானது. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள். பாரிமுனை நடைபாதையில் ஐம்பது ரூபாய்க்கு வாங்கிய சிடி, மேலே மார்க்கர் பேனாவால் எழுதிய சீரியல் எண். தமிழ் எழுத்துருவை முறையாக வாங்கினால் அந்நாளில் கணினியின் பின்னால் செருக ஒரு டாங்கிள் தருவார்கள், அது இல்லாமல் எழுத்து வராது. அந்தக் கடையில் டாங்கிள் இல்லை, எழுத்து மட்டும் அழகாக வந்தது. மூன்று நாள் ஸ்டூலில் உட்கார்ந்து ஒற்றுப்பிழை திருத்தினேன், எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். ஒற்று மிகுமா மிகாதா என்று அவ்வளவு யோசித்தவனுக்கு வேறெதுவும் உறுத்தவில்லை. சோற்றைப் பற்றிப் போன மாதம் எழுதிய அதே ஆள்தான்.

ஆகவே இதைக் கூட்டுக் குற்றவாளி ஒருவனின் வாக்குமூலமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டம், சுருக்கமாக. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984-இல் ஒரு திருத்தம் வந்தது. கணினி நிரலை ‘இலக்கியப் படைப்பு’ என்ற வகைக்குள் சேர்த்தார்கள். என் நாவலும் உங்கள் கோரல் டிராவும் சட்டத்தின் கண்ணில் ஒரே அலமாரி. (என் நாவலை அந்த அலமாரியில் வைக்கத் தயங்கிய விமர்சகர்கள் உண்டு.) பிறகு 1994 திருத்தத்தில் 63-பி என்ற பிரிவு வந்தது. களவுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகம் போனால் 3 ஆண்டு சிறை. அபராதம் 50,000 முதல் 2 லட்சம் வரை. ஆனால் அதே பிரிவின் கீழே ஒரு விலக்கு இருக்கிறது. லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தாதவரைச் சிறைக்கு அனுப்பாமல், 50,000 ரூபாய்க்கு மேற்படாத அபராதத்தோடு நீதிமன்றம் விட்டுவிடலாம்.

சட்டம் எழுதியவர்களுக்கே பெரம்பூர் சென்டரில் கற்ற பையனும் வியாசர்பாடியில் கடை வைத்தவரும் இரண்டு ஆட்களாகத் தெரிந்திருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. நீங்கள் கற்ற காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். துறைமுகக் கூலியின் மகன் முழு விலை கொடுத்துத்தான் மவுஸைத் தொட வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆங்கிலத்தில் இதற்குக் கடற்கொள்ளை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கப்பலைத் தாக்கி ஆட்களைக் கடத்துவதும் கொல்வதும் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு பிரதி கொடுப்பதும் ஒன்றா என்று, யாரும் நகலெடுத்துப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்காக இயக்கம் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். காசிமேட்டு மீனவர்களிடம் போய் அந்தச் சொல்லின் அர்த்தத்தைக் கேட்டால் அவர் பக்கம்தான் பேசுவார்கள்.

சட்டம் பாய்கிற இடமும் எல்லோருக்கும் ஒன்றல்ல. திரைப்படங்களின் திருட்டு சிடி விற்பவர்களை 2004-இல் தமிழ்நாடு அரசு குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். ‘குண்டாஸ்’ என்ற சொல்லுக்கு நம் பக்கத்தில் உரை எழுதத் தேவையில்லை. மென்பொருள் சிடியை வாங்கிக் குளிரூட்டிய அலுவலகத்தில் ஏற்றிக்கொண்டவருக்கு அந்தச் சட்டம் கிடையாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பெரிய கம்பெனிக்கு என்ன நஷ்டம்?

பில் கேட்ஸ் 1976 பிப்ரவரியில் கணினி ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பேசிக் என்ற கணினி மொழிக்குத் தாங்கள் எழுதிய மொழிபெயர்ப்பியை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், வாங்கியவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு, உங்களில் பெரும்பாலோர் மென்பொருளைத் திருடுகிறீர்கள் என்று பொரிந்து தள்ளினார். அப்போது அவருக்கு இருபது வயது. போன மாதம் நான் எழுதியதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. இருபத்திரண்டு ஆண்டு கழித்து, 1998-இல், ஒரு பல்கலைக்கழக மேடையில் அதே மனிதர் சீனாவைப் பற்றிப் பேசும்போது தொனி மாறிவிட்டது. அங்கே யாரும் மென்பொருளுக்குக் காசு கொடுப்பதில்லை, திருடத்தான் போகிறார்கள் என்றால் நம்முடையதையே திருடட்டும், அதற்குப் பழகிவிடுவார்கள், அடுத்த பத்தாண்டில் எப்படியாவது வசூலித்துக்கொள்ளும் வழியைக் கண்டுபிடிப்போம் என்ற பொருளில் பேசினார்.

படித்தபோது எனக்குத் தினமும் வசூலிக்கும் கடன்காரரான தண்டல்காரர் ஞாபகம்தான் வந்தது. கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். ஐயாயிரம் தண்டல் எடுத்தால் கையில் வருவது நாலாயிரத்து ஐந்நூறு. அடுத்த நாளிலிருந்து தினம் ஐம்பது, நூறு நாள். நல்ல தண்டல்காரர் முதல் முறை பத்திரம் கேட்க மாட்டார், முகம் சுளிக்க மாட்டார். அவரில்லாமல் காலையில் ஏலத்துக்குப் போக முடியாது என்ற நிலை வந்த பிறகுதான் அவர் குரல் மாறும். போட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபி 2013-இல் என்ன செய்தது? ஒரு முறை வாங்கி வைத்துக்கொள்ளும் முறையை நிறுத்திவிட்டு, புதிய பதிப்புகளை மாதச் சந்தாவுக்கு மட்டும் என்று ஆக்கியது. தினத்தண்டல் தெரிந்த ஊருக்கு மாதத்தண்டல் ஒன்றும் புதிதில்லை.

உங்களைப் பாருங்கள். விரல்கள் கோரலுக்குப் பழகிவிட்டன. வாடிக்கையாளர் பென் டிரைவில் கொண்டுவருவது கோரலின் சிடிஆர் கோப்பு. நீங்கள் வேலை கற்றுத்தரும் பையனும் அதையேதான் கற்கிறான், நாளை முறையான அலுவலகம் ஒன்றில் சேர்ந்து அதையேதான் கேட்பான். காசு வாங்காமலே உங்களை அவர்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஆகவே அந்தக் கம்பெனிக்காக நான் கண்ணீர் விடப் போவதில்லை.

நான் வருத்தப்படுவது வேறு ஒருவருக்காக.

ஙூ என்ற எழுத்தை நீங்கள் கடைசியாக எப்போது அச்சடித்தீர்கள்? நான் முப்பது ஆண்டுகளாக எழுதுகிறேன், ஒரு சொல்லில்கூட அது வந்ததில்லை. ஆனால் உங்கள் கடையில் இருக்கும் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவிலும் ஙூ இருக்கிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து அதை வரைந்திருக்கிறார். தமிழில் ஆகாரத்துக்குக் கால் போட்டால் போயிற்று, ஐகாரத்துக்கு இணைக்கொம்பு. உகரமும் ஊகாரமும் அப்படி வராது. கு, சு, டு, ணு, மு, ரு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு உருவம். பதினெட்டு மெய்க்கு முப்பத்தாறு வடிவங்களைத் தனித்தனியாக வரைய வேண்டும். ழகரத்தின் வளைவு சிறிய அளவில் அச்சானால் மை கோத்துக்கொள்ளும், அதைத் திறந்துவிட வேண்டும். தடித்த வடிவத்தில் ணகரத்தின் சுழிகள் மூச்சுத் திணறும். மாதக்கணக்கில் வேலை.

இதைச் செய்தவர்களில் சிலர் ஒன்றிரண்டு பேர் வைத்து நடத்திய சிறிய நிறுவனத்துக்காரர்கள், சிலர் தனியாட்கள். அவர்களுடைய எழுத்துருவைத் திறந்து, பெயரை மட்டும் மாற்றி, சிடியில் நானூறு எழுத்துருவோடு சேர்த்து விற்றார்கள். நம் ஊர்ச் சுவரெல்லாம் அந்த எழுத்து, மஞ்சள் நீராட்டு விழா பேனரெல்லாம் அந்த எழுத்து, என் நாவலும் அந்த எழுத்து. அந்த மனிதர்கள் சந்தாவுக்கு மாறிச் சமாளிக்கவில்லை. பத்தாண்டு கழித்து வசூலிக்கும் திட்டமும் அவர்களிடம் இல்லை. கடையை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள்.

‘யாருக்கும் நஷ்டமில்லை’ என்ற நம் கணக்கில் விடுபட்டுப்போனவர் இவர்தான். அடோபி இலவசமாகக் கிடைக்கும் தெருவில், சில ஆயிரம் ரூபாய்க்குத் தமிழ் மென்பொருள் விற்கிறவன் போட்டி போட முடியாது. உண்மையிலேயே இலவசமாகக் கொடுக்கிறவனுக்கும் அங்கே மவுசு இல்லை. 2005-இல் மத்திய அரசு தமிழ் எழுத்துருக்களையும் மென்பொருளையும் சிடியில் போட்டு இலவசமாகக் கொடுத்தது. 2011 முதல் மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு தந்த மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளமும் இருந்தது. நம் பையன்கள் முதல் வேலையாக அந்த லினக்ஸை அழித்துவிட்டு, கிராக் செய்த விளையாட்டுகளை ஏற்றிக்கொண்டார்கள். என் அக்கா மகனும் அதில் ஒருவன்.

எல்லாவற்றையும் நாளைக்கே அழித்துவிடுங்கள் என்று சொன்னால், நான் வியாசர்பாடியில் கடை வாடகை கட்டியவன் இல்லை என்றுதான் அர்த்தம். சொல்ல மாட்டேன். ஆனால் சம்பாதிக்கத் தொடங்கிய நாளிலிருந்து உங்கள் பெயரில் ஒரு பாக்கி ஓடுகிறது. அதை எந்த வரிசையில் அடைப்பது என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். நானாக இருந்தால் எழுத்துருக்காரரிடமிருந்து தொடங்குவேன். இன்றும் உரிமத்தோடு தமிழ் எழுத்துரு விற்பவர்கள் இருக்கிறார்கள், தினமும் பயன்படுத்தும் இரண்டை மட்டும் வாங்குங்கள். மற்றதற்கு முக்தா மலர், மீரா இனிமை, நோட்டோ போன்றவை கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகமும் எழுத்துருக்களை இலவசமாகத் தருகிறது. அவற்றை வைத்துக் கண்ணீர் அஞ்சலி அடித்தால் இறந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிறகு கோரலுக்கு மாற்றாக இங்க்ஸ்கேப் என்ற கட்டற்ற மென்பொருளை ஏற்றிப் பழகுங்கள், விசிட்டிங் கார்டு மாதிரிச் சின்ன வேலைகளில். வாடிக்கையாளரின் சிடிஆர் கோப்புகள் பலவற்றை அது திறக்கும், சிலவற்றைக் குதறும். ஆப்செட்டுக்குத் தேவையான சிஎம்ஒய்கே என்ற நான்கு மை நிறத்தில் அது நொண்டும், அதற்கு ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் வழியாகப் பிடிஎஃப் எடுக்க வேண்டியிருக்கும். ஸ்கிரைபஸில் முன்பெல்லாம் தமிழ் உடைந்து உடைந்து வரும். 2017-இல் வந்த 1.5.3 பதிப்பிலிருந்து கொம்பும் காலும் உரிய இடத்தில் உட்காருகின்றன. சிரமம்தான். ஆனால் பேஜ்மேக்கரையே பிடித்துத் தொங்கிய நம் பதிப்புலகம், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு வர எத்தனை ஆண்டு பிந்தியது என்று எனக்குத் தெரியும். என் முதல் இரண்டு புத்தகங்களின் கோப்புகள் இன்று எந்தக் கணினியிலும் தமிழாகத் தெரிவதில்லை. ஐம்பது ரூபாய் சிடியின் மிச்ச விலை அது.

கிராக் மென்பொருளோடு சேர்ந்து வரும் வைரஸைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு காலையில் கடையைத் திறந்து, எல்லாக் கோப்புகளும் பூட்டிக் கிடக்க, பணயத்தொகை கேட்டுத் திரையில் செய்தி நிற்பதைப் பார்த்த டிடிபிக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். கல்யாண சீசன் வேறு.

இனி அந்த ஸ்பைரல் பிரதி. 240 பக்கம், பக்கத்துக்கு ஒரு ரூபாய், ஸ்பைரலுக்கு நாற்பது என்று வைத்தால் 280 ரூபாய் வாங்கியிருப்பீர்கள். புத்தகத்தின் விலை 220, அதில் என் ராயல்டி 22. அந்த வாசகர் அச்சு விலையைவிட அறுபது ரூபாய் அதிகம் கொடுத்து என்னைப் படித்திருக்கிறார், எனக்குக் காலணா வரவில்லை. போன மாதமாக இருந்தால் இந்த இடத்தில் கொதித்திருப்பேன். ஆனால் போன மாதம் நான் எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. அந்த நாவல் நாலு ஆண்டுகளாக அச்சில் இல்லை. அவர் எங்கே போய் வாங்குவார்? மறதியால் விட்டேன் என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன், கோபம் வலுவாக வர வேண்டும் என்றுதான் விட்டேன்.

மறுபதிப்பு தை மாதம் வருகிறது. அட்டையை நீங்கள் செய்து தருவீர்களா? கட்டற்ற மென்பொருளில்தான் செய்ய வேண்டும், எத்தனை நாள் பிடித்தாலும் சரி. தலைப்புக்கு ஒரு தமிழ் எழுத்துருவை உரிமத்தோடு வாங்கி, ரசீதை உங்கள் பில்லோடு இணைத்துவிடுங்கள். அந்தச் செலவு என்னுடையது, முதல் புத்தகத்தின் பழைய பாக்கி. மழை விட்டுக் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் வடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

அந்த பிடிஎஃப் இன்னும் உங்கள் கணினியில் இருந்தால் அதுவரை அழித்துவிடாதீர்கள். என்னிடம் அந்த நாவலின் ஒரு பிரதிகூட இல்லை.