இரைப்பைப் புற்றுநோயில் இம்யூனோதெரபி (நோய் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே புற்றை எதிர்க்கும் சிகிச்சை) யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?
ஓரளவுக்குச் சொல்லலாம், அடித்துச் சொல்ல முடியாது. பயாப்ஸித் திசுவில் முதலில் பார்க்க வேண்டியது எம்எஸ்ஐ, அதாவது டிஎன்ஏ பிழைகள் திருத்தப்படாமல் குவியும் நிலை. டிஎன்ஏ நகலெடுக்கும்போது விழும் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் சில கட்டிகளில் வேலை செய்யாது. பிழைகள் குவியக் குவிய, நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு அந்தக் கட்டி அந்நியமாகத் தெரியும். இருப்பதிலேயே நம்பகமான அடையாளம் இதுதான் என்பேன். ஆனால் சிலருக்கே இருக்கும்.

அடுத்தது சிபிஎஸ்: நோய் எதிர்ப்பு அணுக்களை அடக்கும் பிடி-எல்1 என்ற புரதம் கட்டியில் எவ்வளவு என்று சொல்லும் மதிப்பெண். பிடி-எல்1-ஐக் காட்டும் சாயம் ஏறிய புற்றணுக்கள், லிம்போசைட், மேக்ரோஃபேஜ் (இவை இரண்டும் நோய் எதிர்ப்பு அணுக்கள்) எல்லாவற்றையும் எண்ணி, உயிருள்ள புற்றணுக்களின் மொத்த எண்ணிக்கையால் வகுத்து 100-ஆல் பெருக்குவார்கள். இது 5 அல்லது அதற்கு மேல் இருந்தால், கீமோவோடு நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைச் சேர்ப்பதில் பலன் கூடுதல். சிக்கல் என்னவென்றால், ஒரே கட்டியில் ஒரு துணுக்கு 1 காட்டும், பக்கத்துத் துணுக்கு 10 காட்டும். பயாப்ஸியில் எத்தனை துணுக்கு எடுத்தார்கள் என்று கேட்டுவிடுங்கள். எப்ஸ்டீன்-பார் வைரஸ் உள்ள கட்டிகளுக்கும் மருந்து நன்றாகக் கேட்பதுண்டு.